காப்பார் டீச்சரின் ஜெனரேட்டர்

நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மலேசியாவின் கிள்ளான் நகரில் நான் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிய பட்டறையை இப்போது முதலாளியின் மகள் மெய் லிங் நடத்துகிறாள். பிரிக்பீல்ட்ஸில் என் மகள் வீட்டு ஆறாவது மாடியில் உட்கார்ந்து ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் போன மாதம் மெய் லிங்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சின்ன பெட்ரோல் இன்ஜின் சரியாக ஓடாமல் திணறி நின்றுபோனால் எதை எதை, எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லியிருந்தாள். சுவரில் ஒட்டப்போகிறாளாம்.

சும்மா இருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பதினான்கு வரி எழுதி அனுப்பினேன். பதிமூன்று வரி பிரமாதம், முதல் வரியை மட்டும் எடுத்துவிடலாமா அங்கிள், அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லையே என்று பதில் வந்தது. அந்த முதல் வரி இதுதான்: ‘வந்தவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.’

எடுக்கமுடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது, போனில் இரண்டு கட்டை விரலால் எழுதவும் வராது. அதனால்தான் இந்தக் கட்டுரை. பட்டறையில் இருக்கும் தமிழ்ப் பையன்கள் அவளுக்குப் படித்துச் சொல்லட்டும்.

நான் பிறந்தது காப்பாருக்கு அப்பால் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். பள்ளியை முடித்ததும் தோட்டத்து ஸ்டோரில் மருந்தடிக்கும் பம்புகளைக் கழற்றிப் பூட்டும் வேலை கிடைத்தது. கையில் கொஞ்சம் சூடு, கொஞ்சம் எரிச்சல், மீதி எண்ணெய்ப் பிசுக்கு என்று ஆறு வருடம் ஓடியது. பிறகு கிள்ளானுக்கு வந்து லிம் தவுக்கேயிடம் சேர்ந்தேன். தவுக்கே என்றால் எங்கள் ஊரில் சீன முதலாளி. புல் வெட்டும் மெஷின், தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், ரம்பம் என்று பெட்ரோல் குடித்துச் சத்தம் போடும் சின்னச் சாமான் எல்லாம் அவரிடம்தான் வரும்.

சேர்ந்தபோது எனக்கு வேலை தெரியும் என்ற திமிர் நிறைய இருந்தது. மெஷின் உள்ளே வருவதற்குள் கையில் ஸ்பேனர் எடுத்துவிடுவேன். தவுக்கே கையைப் பிடித்து நிறுத்துவார். "டெங்கார் டூலு, மணியம்" என்பார். முதலில் கேள் என்பதற்கு மலாயில் அப்படி.

அவர் கேட்கிற விதமே தனி. வந்தவரை உட்காரவைப்பார். சின்னக் கோப்பையில் சீனத் தேநீர் ஊற்றி வைப்பார். சுவரில் பெரிய பெரிய எண் போட்ட நாள்காட்டி தொங்கும். அதில் நேற்றைய தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுப்பார். பிறகு வாயே திறக்கமாட்டார். வந்தவர் மெஷினைத் தொட்ட நேரத்திலிருந்து அது நின்ற நேரம் வரை எல்லாவற்றையும் சொல்லவேண்டும். நடுவில் அவர் மாமியார் கதை வந்தாலும் தவுக்கே தலையாட்டிக்கொண்டு மலாயில் எழுதிக்கொண்டே இருப்பார். வந்தவர் மூச்சு வாங்கி, "அவ்ளோதான் பாஸ்" என்று சொன்ன பிறகுதான் முதல் கேள்வி கேட்பார். எனக்குப் பொறுமை போய்விடும். இதற்குள் இரண்டு கார்புரேட்டர் கழுவியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒருமுறை செராஸிலிருந்து ஒரு காய்கறித் தோட்டக்காரர் தண்ணீர் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் நன்றாக ஓடுகிறதாம், வெயில் ஏறினால் திணறித் திணறி நின்றுவிடுகிறதாம். சூடு ஏறினால் நிற்கிற கோளாறு என்று நான் நாலு காரணத்தை மனசில் வரிசையாக அடுக்கிவிட்டேன். தவுக்கே எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் உரம் விலை, மகன் படிப்பு எல்லாம் பேசிவிட்டு, "வெயில் வந்தா சட்டையக் கழட்டிப் போட்டுட்டுத்தான் வேல செய்வேன்" என்றார். பென்சில் நின்றது. சட்டையை எங்கே போடுவீர்கள் என்று கேட்டார் தவுக்கே. எங்கே போடுவார்? பம்பின் கைப்பிடியில்தான். தொங்குகிற சட்டைக் கை, காற்று இழுக்கிற வாயில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பம்பு திரும்பிப் போனது. நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, புத்தியில் ஏற்றிக்கொள்ளவில்லை என்பது இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இனி டீச்சர் கதைக்கு வருகிறேன். அப்போது நான் பட்டறையில் மூத்த ஆள். தவுக்கேவுக்கு வயதாகிவிட்டதால் வாரத்தில் இரண்டு காலை மட்டும் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாசலில் மெஷின் இறக்குபவர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள்.

எஸ்தர் டீச்சர் தமிழ்ப்பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வீடு காப்பாரில். கணவர் சாமுவேல் ரயில்வேயில் இருந்தவர். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை மூக்கில் குழாய் வைத்து நாள் முழுக்க ஓட்டவேண்டிய நிலை. அந்த மெஷினுக்குக் கரண்டு வேண்டும். அவர்கள் பக்கம் மழை பெய்தால் கரண்டு போகும். அதற்காகத்தான் ஜெனரேட்டர். கைக்காவலுக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் வீட்டில் உண்டு.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு அந்த ஜெனரேட்டரைச் சாதாரண சர்வீசுக்குக் கொண்டுவந்தார். எண்ணெய் மாற்றி, பிளக்கைத் துடைத்து, வடிகட்டியைக் கழுவிவைத்தேன். மறுநாள் எடுத்துப்போக வண்டி கிடைக்கவில்லை என்றார். அதனால் பூஜையன்று அதுவும் எங்கள் பட்டறையில்தான் இருந்தது.

எங்கள் பட்டறை ஆயுத பூஜை கிள்ளானில் கொஞ்சம் பேர் பெற்றது. தவுக்கே சீனராக இருந்தாலும் அன்றைக்கு அரைநாள் கடையடைத்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் ஆளாகச் சூடம் தொட்டுக் கும்பிடுவார். மெஷின்களை எல்லாம் கழுவி வரிசையாக நிறுத்துவோம். பொட்டு வைப்பது மூத்தவன் என்ற முறையில் என் வேலை. கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். இயந்திரமாக இருந்தால் என்ன, நெற்றி என்று ஒன்று இருக்கவேண்டும் இல்லையா? எது உச்சியில் இருக்கிறதோ அதுதான் நெற்றி. பெரும்பாலான மெஷினுக்கு உச்சியில் இருப்பது பெட்ரோல் டாங்கியின் மூடி. அதன் நட்டநடுவில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைப்பேன். கைக்கு வஞ்சனையில்லாமல் தாராளமாக வைப்பேன். டீச்சரின் ஜெனரேட்டருக்கும் வைத்தேன். அவர்கள் மெதடிஸ்ட் சபைக்குப் போகிறவர்கள் என்பது தெரியும். வரிசையில் ஒன்றை மட்டும் மொட்டையாக விட மனசு வரவில்லை.

பூஜை முடிந்ததும் எடுத்துப்போன ஜெனரேட்டரோடு, அடுத்த வாரம் டீச்சரே லோரி பிடித்துத் திரும்ப வந்து இறங்கினார்.

"தம்பி, கரண்டு போச்சுன்னு ஓட்டுனேன். அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஏறி எறங்கி, ஏறி எறங்கி நின்னுபோச்சு. பெட்ரோல் இருக்கான்னு மூடிய—"

"சரி டீச்சர், நான் பாத்துக்கிறேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். வாசலில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

ஏறி இறங்கி நிற்பது என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பிளக் கோளாறாக இருந்தால் டப்பென்று நிற்கும். பட்டினி என்றால்தான் இப்படித் திணறும். அதுவரை என் மூளை சரியாகத்தான் வேலை செய்தது. டாங்கியை வடித்தேன். அடியில் இருக்கும் வலையைக் கழுவினேன். ரப்பர் குழாயை ஊதிப் பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைத் துடைத்து, மயிரிழை மாதிரி இருக்கும் துளைகளில் மெல்லிய கம்பியை விட்டு எடுத்தேன். அதில் அழுக்கே இல்லை. இல்லாவிட்டாலும் கழுவினேன். பிறகு எங்கள் வழக்கப்படி டாங்கியில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, தண்ணீர்க் கெட்டிலைச் சொருகிப் பாரம் கொடுத்து, பத்து நிமிடம் ஓட்டினேன். நடுவில் மூடியைத் திறந்து அளவு பார்த்தேன். வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சீராக ஓடியது. டீச்சருக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

"தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு. மூணு தடவ. ஆனா ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்து—"

"டீச்சர், பழைய பெட்ரோல ஊத்துறீங்களா? ரெண்டு மாசத்துக்கு மேல வச்சிருந்தா அது தண்ணி மாதிரிலா. அதான் நிக்குது."

"இல்ல தம்பி, நேத்து வாங்குனது."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். வயதானவர், மெஷின் பழக்கம் இல்லை, சோக்கைப் போட்டபடியே ஓட்டியிருப்பார் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இருந்தாலும் ஆள் அனுப்பி ஜெனரேட்டரை எடுத்துவந்து, கார்புரேட்டரையே புதிதாக மாற்றினேன். மறுபடி ஒரு லிட்டர், மறுபடி கெட்டில், மறுபடி பத்து நிமிடம். புதன்கிழமை நானே கொண்டுபோய் அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் இறக்கி, டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோலிலேயே அவர் கண் முன்னால் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினேன்.

"நிச்சயமா சரியாயிடுச்சா தம்பி?"

"இனி நிக்காது டீச்சர். நான் சொல்றேன்ல."

ஜன்னலுக்கு உள்ளே சாமுவேல் சார் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து எனக்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார். நானும் காட்டிவிட்டு வண்டி ஏறினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து, கிள்ளான் முழுக்கப் பேய் மழை. மூன்றேகாலுக்குப் போன். டீச்சர் குரல் டீச்சர் குரலாகவே இல்லை.

"தம்பி, கரண்டு போயிடுச்சு. மெஷின் நிக்குது. இழுத்து இழுத்துக் கை போச்சு. சிலிண்டரு வீட்டுல இல்ல."

"ஏன் டீச்சர் இல்ல?"

"நீங்க சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க. அதான் காலையில நெரப்ப அனுப்பிட்டேன்."

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டாராம், வழியெல்லாம் வெள்ளம், நேரமாகும் என்றார்களாம். நான் பட்டறை வேனை எடுத்தேன். காப்பார் சாலையில் தண்ணீர் சக்கரத்தை மூடி ஓடுகிறது, முன்னால் போகிற கனரக லோரிகளின் பின்விளக்கு மட்டும்தான் தெரிகிறது. அத்தனை வருட வேலையில் நான் சொன்ன எத்தனையோ ‘நான் சொல்றேன்ல’ எல்லாம் அன்றைக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான்: பிளக் பார்த்தேன், வலை பார்த்தேன், குழாய் பார்த்தேன், கார்புரேட்டர் புதுசு. வேறு என்ன மிச்சம்? எதுவுமே மிச்சமில்லை.

வாசலில் வேனை நிறுத்தி இறங்கியபோது ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த அடி வைத்ததும் அந்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

டீச்சர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு ஜெனரேட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குடை. சாய்ந்தடிக்கிற சாரல் படாமல் குடையை ஜெனரேட்டருக்குப் பிடித்திருந்தார். அவர் தலை முழுக்க நனைந்திருந்தது. இன்னொரு கையில் டாங்கி மூடி. டாங்கி வாய் திறந்தபடி இருந்தது. கழுத்து வரை பெட்ரோல், இன்ஜின் அதிர்வில் தளும்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கை வைத்தால் தோல் உரிந்துவிடுகிற சூட்டில் புகைக்குழாய்.

ஒரு சொட்டு தெறித்தால் போதும்.

"டீச்சர்! மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க!"

"ஆஃப் பண்ணா அவருக்கு மூச்சு நின்னுடும் தம்பி." நகரவே இல்லை. "மூடியப் போட்டா நிக்குது. எடுத்தா ஓடுது. நான் இப்படியே உக்காந்துக்கிறேன்."

மூடியைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியமும் என் காதில் விழுந்து, உள்ளே போய், ஒரு இடத்தில் இடித்து நின்றன.

கெட்டிப்பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். நாலு சொட்டு விழும், பிறகு பால் வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய்ப் பால் வெளியே வரும். தேநீர் ஆற்றுகிற எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். பெட்ரோல் டாங்கியும் அப்படித்தான். அதற்காகத்தான் மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால் இன்ஜின் சில நிமிடம் ஓடும், பட்டினி கிடந்து திணறும், நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி சில நிமிடம் ஓடும். டாங்கியில் ஒரு லிட்டர் மட்டும் இருந்தால் உள்ளே காலியிடம் நிறைய, இருக்கிற காற்றே நெடுநேரம் தாங்கும். அதனால்தான் பட்டறையில் நிற்கவில்லை. போதாததற்கு நடுவில் மூடியைத் திறந்து வேறு பார்த்தேன். டீச்சர் கணவரின் உயிரை நினைத்து ஒவ்வொரு முறையும் டாங்கியைக் கழுத்து வரை நிரப்பியிருக்கிறார். அதனால் அவர் வீட்டில் ஐந்து நிமிடத்தில் நின்றது.

அவர் கையிலிருந்து மூடியை வாங்கினேன். மேலே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, பளிச்சென்று துடைத்த மாதிரி. துளையை மட்டும் காணோம். இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. சட்டைப்பையிலிருந்து கார்புரேட்டர் கம்பியை எடுத்துக் குத்தினேன். கெட்டியாக இருந்தது. அழுத்தித் திருகியதும் சின்னத் துண்டு ஒன்று பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. ஊதினேன், காற்று போனது. மூடியை டாங்கியில் வைத்துத் திருகி இறுக்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். அத்தனை பெட்ரோல் நாற்றத்திலும் அது சந்தனம் என்று தெரிந்தது.

முகத்தில் ஓங்கி அறைந்தது போல இருந்தது. அழுக்கோ துருவோ இல்லை, பழைய பெட்ரோலும் இல்லை. என் கட்டைவிரல். அந்த மனிதரின் மூச்சுக்குழாயை நான்தான், கண்ணை மூடி சாமியை வேண்டிக்கொண்டு, ஆசையாய் அடைத்துவைத்திருக்கிறேன். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருவரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் தாண்டியது. பத்து. கால்மணி. நான் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே சாமுவேல் சார் இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இருபது நிமிடம் கழித்துத் தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து, மெதுவாகக் கட்டைவிரலை உயர்த்தினார். திருப்பிக் காட்ட எனக்குக் கை எழவில்லை. ஆம்புலன்சில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, ஆபத்து இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். கரண்டும் ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் மூன்று வருடம் இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் உள்ளங்கையை நீட்டினேன்.

"டீச்சர், மன்னிச்சிடுங்க. இது நான் வச்ச பொட்டு. பூஜையன்னிக்கு. உங்க வீட்டு மெஷின்ல கேக்காம வச்சேன்."

அவர் அதைக் கூர்ந்து பார்த்தார். "அதுவா? எடுத்துட்டு வந்த அன்னிக்கே ஈரத்துணி வச்சு அழுத்தித் தொடச்சுட்டேன். நீங்க தப்பா எடுத்துப்பீங்கன்னுதான் சொல்லல."

புரிந்துவிட்டது. காய்ந்த சந்தனம் என்றால் இன்ஜின் அதிர்வில் தானாக உதிர்ந்திருக்கும். ஈரத்துணி பட்டு இளகி, துளைக்குள் இறங்கி, உள்ளே கல்லாகிவிட்டது. அப்படியானால் மற்ற வருடங்களில்? எனக்கு இன்னொரு அதிர்ச்சி அப்போதுதான் வந்தது. ஒவ்வொரு வருடமும் தீபாவளியை ஒட்டி, ஓடி ஓடி நிற்கிறது என்று நாலைந்து மெஷின் எங்களிடம் திரும்பி வரும். மழைக்காலக் கோளாறு என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம். கார்புரேட்டரைக் கழுவுவோம், சரியாகிவிடும். நாங்கள் கழுவியதால் சரியானது என்று நினைத்திருந்தோம். உதிர்ந்து சரியாகியிருக்கிறது! மெஷினை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று எத்தனை பேரை முகத்துக்கு நேரே ஏசியிருக்கிறேன்!

"எல்லாம் அந்தச் சந்தனத்தால வந்த வினை, டீச்சர்" என்றேன்.

அவர் ஈரத்துண்டை மடித்தார், மறுபடி மடித்தார்.

"சந்தனத்துக்கு நான் கோவிக்கல தம்பி. நல்லது நெனச்சுத்தான் வச்சீங்க. ஆனா மூடியத் தொறந்தா ஓடுதுன்னு நான் மொத நாளே சொல்ல வந்தேன். போன்லயும் சொல்ல வந்தேன். முப்பது வருஷம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவ நான். எனக்கு ஒண்ண ஒழுங்கா சொல்லத் தெரியாதா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய், அந்த வருடம் நான் பொட்டு வைத்த மெஷின்களின் சொந்தக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மூடியை ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னேன். போர்ட் கிள்ளானில் ஒரு மீன்பிடிக்காரர், "ஆமாண்ணே, அடைச்சுத்தான் இருந்துச்சு, ரெண்டு நாளா பம்பு மக்கர் பண்ணுது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

அன்று தவுக்கே வருகிற நாள். கல்லாப் பக்கம் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். என்னையும் குறுக்கே பேசாமல்தான் கேட்டார். சந்தனம், ஈரத்துணி, ஒரு லிட்டர் பெட்ரோல் எல்லாம் சொல்லி முடித்து, இதை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும் என்பது போல அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டியா அடா சக்காப்?"

அந்த அம்மா சொன்னாரா என்று கேட்கிறார்.

"அடா" என்றேன். சொன்னார்.

தவுக்கே எழுந்தார். சுவரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்தார். வியாழக்கிழமை. திருப்பி என் முன்னால் வைத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன்மேல் வைத்தார். முதல்நாள் அந்த அம்மா வந்து சொன்னதை எழுது என்றார். திட்டவில்லை. தேநீர்கூட ஊற்றி வைத்தார்.

எழுதினேன். கரண்டு போனதால் ஓட்டினேன் என்பது முதல் வரி. ஐந்து நிமிடம் ஓடி, ஏறி இறங்கி நின்றது என்பது இரண்டாம் வரி. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியை, என்பது மூன்றாம் வரி. அதற்குமேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. தவுக்கே காத்திருந்தார். தேநீர் ஆறிப்போனது. தாளில் மிச்சமிருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, மெய் லிங். பட்டியலுக்குப் பதிலாக அதை வேண்டுமானால் சுவரில் ஒட்டிக்கொள்.